முதிர்ந்த வண்டியும் அதற்கேற்ற எண்ணெயும்

மாட்டுவண்டியின் அச்சுக்கு எண்ணெய் இடாமல் நெடுவழி புறப்பட்டவர் முற்காலத்தில் இல்லை. கிணற்றுக் கப்பி கிறீச்சிடத் தொடங்கினால் அதன் அச்சில் நாலு துளி எண்ணெய் விட்டு அவ்வோசையை அடக்கும் வழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. ஒன்றோடொன்று உரசும் இரண்டு பொருள்களுக்கு இடையே நெய்ப்புடைய பொருள் ஒன்று இருத்தல் வேண்டும் என்பது, ஆராய்ச்சிக் கூடங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே மக்கள் கண்டறிந்த உண்மை. மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கு ஊற்றப்படும் எண்ணெயும் அவ்வுண்மையின் வளர்ச்சியே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மரஅச்சுக்கு எந்த எண்ணெயை இட்டாலும் வண்டி ஓடியது. எஞ்சினுக்கு எந்த எண்ணெயை ஊற்றினாலும் போதும் என்று இருந்துவிட முடியாது. அதிலும் பல இலட்சம் கிலோமீற்றர் ஓடித் தேய்ந்த பழைய எஞ்சினுக்குரிய எண்ணெயைத் தேர்வதற்குச் சிறிது சிந்தனை தேவை.

இலங்கையில் இச்சிந்தனை இன்று பல குடும்பங்களின் வரவுசெலவோடு தொடர்புடையது. வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு அத்தடை 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் தளர்த்தப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலையும் புதியவற்றின் விலைபோல் ஏறிற்று. ஆகவே இருபது முப்பது ஆண்டு பழகிய வண்டியை விற்றுவிட்டுப் புதியதொன்றை வாங்கலாம் என்ற எண்ணம் பலருக்கு எட்டாக்கனியாயிற்று. உள்ள வண்டியைப் பேணுவதே வழி. எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவு ஒரு சம்பளக்காரரின் பல மாத ஊதியத்தை விழுங்கக்கூடியது. அச்செலவைச் சில ஆண்டுகள் பின்தள்ளவல்ல பொருள் எண்ணெய். ஆனால் அதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளோ ஒன்றுக்கொன்று மாறானவை. "பழைய எஞ்சினா? ஆகத் தடித்த ஒயிலை ஊற்றுங்கள்" என்பார் ஒருவர். "செயற்கை ஒயிலைத் தொட்டாலே ஒழுகத் தொடங்கும்" என்பார் மற்றொருவர். இவ்விரண்டிலும் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்று பகுத்தறிதல் பயன்தரும்.

முதலில் எண்ணெய் செய்யும் தொழில்களை அறிதல் வேண்டும். அவை ஐந்து. உரசும் உலோகங்களுக்கு இடையே மெல்லிய படலமாய் நின்று தேய்வைத் தடுப்பது முதலாவது. தண்ணீர் சென்று சேராத பிஸ்ரனின் அடிப்பாகத்திலிருந்தும் பெயரிங்குகளிலிருந்தும் வெப்பத்தை ஏந்திச் செல்வது இரண்டாவது. எரிதலினால் உண்டாகும் கரியையும் பிசினையும் கழுவித் தன்னுள்ளே மிதக்கவைத்து வடிகட்டிக்குக் கொண்டு போவது மூன்றாவது. பிஸ்ரன் வளையங்களுக்கும் உருளைச் சுவருக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்து, எரிவாயு கீழே நழுவாமற் காப்பது நான்காவது. துருவும் அமிலமும் உலோகத்தை அரிக்காமற் காப்பது ஐந்தாவது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்பொழுது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாய்ப் பிறக்கின்றது என்பதை நினைத்தால், இந்த ஐந்தாவது தொழிலின் அருமை விளங்கும். அவ்வாவியிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடினும், ஒரு சிறு பகுதி வளையங்களைக் கடந்து எண்ணெயிற் கலக்கின்றது.

எஞ்சின் முதுமையடையும்பொழுது நிகழும் மாற்றங்கள் மூன்று. முதலாவது, இடைவெளிகள் அகலுகின்றன. புதிய எஞ்சினில் கிறாங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பெயரிங்குக்கும் உள்ள இடைவெளி மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குகள் சிலவே. தலைமயிரின் தடிப்பிலும் குறைந்தது. தேய்வினால் அது பெருகும்பொழுது எண்ணெய் எளிதில் வழிந்தோடுகின்றது. அதன் அழுத்தமும் குறைகின்றது. இரண்டாவது, தண்டின் முனைகளிலும் வால்வுகளிலும் உள்ள றப்பர் அடைப்புகள், அதாவது ஒயில் சீல்கள், வெப்பத்தினால் இறுகிச் சுருங்குகின்றன. அதனாற் கசிவு உண்டாகின்றது. மூன்றாவது, காலந்தாழ்த்தி எண்ணெய் மாற்றிய வண்டிகளில் கரியும் பிசினும் சேறாகப் படிந்து வழிகளை நெருக்குகின்றன; பிஸ்ரன் வளையங்கள் தம் தவாளிப்புகளில் ஒட்டிக்கொள்கின்றன. எந்த எண்ணெய் ஏற்றது என்ற கேள்விக்கு விடை, இம்மூன்றில் எது ஒரு குறித்த எஞ்சினில் மிகுந்துள்ளது என்பதைப் பொறுத்தது. வயதை மட்டும் கேட்டு மருந்து கொடுக்கும் வைத்தியர் இல்லை, எண்ணெயும் அவ்வாறே.

இனி, தகரத்தின்மேல் எழுதியுள்ள எண்கள். எண்ணெயின் முதற்பண்பு அதன் பிசுக்குமை. அதாவது ஓடுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு. தேன் மெதுவாக ஓடுவதும் தண்ணீர் விரைந்து ஓடுவதும் பிசுக்குமையின் வேறுபாட்டினாலேயாம். 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1911இல் எஞ்சின் எண்ணெய்களைப் பிசுக்குமையின்படி வகுத்து எண் கொடுத்தது. எஸ்.ஏ.ஈ. 30, எஸ்.ஏ.ஈ. 40 என்று இன்றும் வழங்குவன அவ்வகுப்பின் வளர்ச்சியே. எஞ்சின் நன்கு சூடேறிய நிலையைக் குறிக்கும் 100 பாகை செல்சியசில் எண்ணெயின் பிசுக்குமை அளக்கப்படுகின்றது. அது 9.3 சென்ரிஸ்ரோக்குக்குக் குறையாமலும் 12.5ஐ எட்டாமலும் இருந்தால் 30ஆம் தரம். 12.5 முதல் 16.3 வரை 40ஆம் தரம். 16.3 முதல் 21.9 வரை 50ஆம் தரம். ஆகவே எண் ஏற ஏற, சூட்டிலே எண்ணெய் தடிப்பாய் நிற்கும் என்பது பொருள்.

10 டபிள்யூ-40, 15 டபிள்யூ-40, 20 டபிள்யூ-50 என்று இரண்டு எண்கள் இருப்பின், இரண்டாவது எண்ணே மேற்சொன்ன சூட்டுத் தரம். டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதனோடு சேர்ந்த முதல் எண், கடுங்குளிரில் எஞ்சினைக் கிளப்ப எண்ணெய் எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதைக் காட்டும். 20 டபிள்யூ எண்ணெய் பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகையிலும், 15 டபிள்யூ எண்ணெய் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையிலும் இவ்வகையிற் சோதிக்கப்படுகின்றன. நுவரெலியாவில் தை மாதத்துச் சில விடியல்களிற் புல்நுனியில் உறைபனி காணப்படுவதுண்டு. அங்குங்கூட இத்தகைய குளிர் கிடையாது. கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆதலால் பூச்சியம் டபிள்யூ, 5 டபிள்யூ என்ற எண்களுக்காக மட்டும் மிகுந்த விலை கொடுப்பது, வெப்ப நாட்டிற் பழைய எஞ்சின் உடையவருக்குப் பெரும்பயன் தராது. எனினும் வெப்ப நாட்டிலும் காலையில் எஞ்சின் கிளம்பும் நேரமே தேய்வு மிகுந்த நேரம். சூட்டில் 14 சென்ரிஸ்ரோக்காக இருக்கும் 15 டபிள்யூ-40 எண்ணெய், 40 பாகையில் ஏறத்தாழ ஏழு மடங்கு தடிப்பாய் இருக்கும். தடித்த எண்ணெய் வால்வுகளின் உச்சிக்கு ஏறிச்சேரத் தாமதமாகும். ஆகவே முதல் எண் தேவைக்குமேல் உயர்ந்திருப்பதும் நன்றன்று.

ஒரே எண்ணெய் குளிரில் ஒரு தரமாயும் சூட்டில் வேறு தரமாயும் நடப்பது எவ்வாறு என்ற ஐயம் நேயர்களுக்கு எழலாம். எல்லா எண்ணெயும் சூட்டில் இளகும். ஆனால் ஒரே அளவில் இளகுவதில்லை. டீன், டேவிஸ் என்னும் இருவர் 1929இல் இவ்வேறுபாட்டை அளக்கப் பிசுக்குமைச் சுட்டெண் என்ற அளவை வகுத்தனர். பென்சில்வேனியா எண்ணெய்க்கு நூறும், வளைகுடாக் கரையோர எண்ணெய்க்குப் பூச்சியமும் கொடுத்து அவர்கள் தொடங்கினர். பின்னர், நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளையுடைய பொருள்களைச் சேர்த்தால் எண்ணெய் சூட்டில் மிக இளகாமல் நிற்கும் என்பது கண்டறியப்பட்டது. அதிலிருந்து பிறந்தவையே இந்த இரட்டை எண் எண்ணெய்கள். இச்சங்கிலிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. பற்சக்கரங்களுக்கு இடையே அகப்பட்டால் அவை அறுபட்டு, எண்ணெய் தன் தரத்திற் குறைந்துவிடும். 1959இல் வெளிவந்த மினி காரில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் ஒரே எண்ணெய் பயன்பட்டது. அதனால் அவ்வண்டி வைத்திருப்போர், அறுபடாத உறுதியுள்ள 20 டபிள்யூ-50 எண்ணெயை நாடினர். முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடைவெளி கூடக்கூடப் பொதுவாக இச்சங்கிலிப் பொருளும் கூடுதலாய் வேண்டப்படும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பிசுக்குமை ஒன்றே போதாது, தரமும் வேண்டும். அதைக் குறிப்பவை ஏ.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் எழுத்துகள். பெற்றோல் எஞ்சினுக்குரிய தரம் எஸ் என்ற எழுத்திலும், டீசல் எஞ்சினுக்குரியது சி என்ற எழுத்திலும் தொடங்கும். இரண்டாம் எழுத்து அகரவரிசையில் முன்னேற முன்னேறத் தரம் புதியது. எஸ்.ஏ., எஸ்.பீ. என்ற மிகப் பழைய தரங்களில் இன்றைய சேர்மானங்கள் பெரும்பாலும் இல்லை. 1930க்குப் பின் கட்டப்பட்ட பெரும்பாலான எஞ்சின்களுக்கு எஸ்.ஏ. தரமும், 1951க்குப் பின் கட்டப்பட்டவற்றுக்கு எஸ்.பீ. தரமும் தகா என்று அந்நிறுவனமே எச்சரிக்கின்றது. எஸ்.எல். 2001இலும், எஸ்.எம். 2004இலும், எஸ்.என். 2010இலும், எஸ்.பி. 2020இலும், எஸ்.கியூ. 2025இலும் வந்தன. பிந்திய தரம் முந்தியவற்றின் வேலையைச் செய்யும் என்பது பொதுவிதி. ஆகவே எஸ்.ஜே. என்று கைநூலிற் குறிக்கப்பட்ட வண்டிக்கு எஸ்.என். தர எண்ணெயைத் தயங்காது பயன்படுத்தலாம். மலிவென்று எண்ணி எழுத்தே இல்லாத தகரத்தை வாங்குவதுதான் ஆபத்து.

இப்பொதுவிதிக்கு விலக்கொன்று உண்டு. அது உண்மையிலேயே பழைமையான வண்டிகளைப் பற்றியது. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் வண்டிகளும் இலங்கைத் தெருக்களிற் பல தலைமுறைகளைச் சுமந்தவை. மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் இத்தீவிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட காலமும் உண்டு. இத்தகைய எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் காம் தண்டின் மேடு, தட்டையான அடியுடைய தட்டி ஒன்றின்மேல் வழுக்கித் தேய்கின்றது. உருளை போன்ற சக்கரம் எதுவும் இடையில் இல்லை. ஆகவே அந்தச் சிறு பரப்பில் அழுத்தம் மிகப் பெரிது. எண்ணெய்ப் படலம் அங்கு அறுந்துபோகும். அவ்விடத்தில் உலோகத்தைக் காப்பது நாகமும் பொசுபரசும் கந்தகமும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். 1940களில் எண்ணெயிற் சேர்க்கத் தொடங்கப்பட்ட அப்பொருள், சூட்டில் உலோகத்தின்மேற் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சாகப் படிந்து, இரும்புக்குப் பதிலாகத் தான் தேய்கின்றது.

ஆனால் பொசுபரசு, புகையைத் தூய்மை செய்வதற்காகப் பிற்காலக் கார்களிற் பூட்டப்பட்ட ஊக்கிக் கலத்துக்குப் பகை. அதனால் 2004இல் எஸ்.எம். தரம் வந்தபொழுது, 5 டபிள்யூ-30, 10 டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களிற் பொசுபரசு 0.08 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்று எல்லை கட்டப்பட்டது. 15 டபிள்யூ-40, 20 டபிள்யூ-50 போன்ற தடித்த எண்ணெய்களுக்கு அவ்வெல்லை விதிக்கப்படவில்லை. மொறிஸ், ஒஸ்ரின் முதலிய வண்டிகளில் ஊக்கிக் கலம் இல்லாமையால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அவற்றுக்கு 20 டபிள்யூ-50 எண்ணெயோ, நாகச் சேர்மானம் போதிய அளவுள்ளதென்று தகரத்திலே குறிக்கப்பட்ட பழைய வண்டி எண்ணெயோ ஏற்றது. டீசலுக்கும் பெற்றோலுக்கும் பொதுவென்று இரண்டு தரக்குறிகளும் பொறித்த 15 டபிள்யூ-40 எண்ணெயும் பலரால் இவற்றுக்குப் பயன்படுத்தப்படுகின்றது. ஆனால் நாகச் சேர்மானத்தைத் தனியே வாங்கி மனம்போல் கலப்பது நன்றன்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாகும்.

இனி, எண்ணெயை மாற்றுவதற்கு முன் எஞ்சினின் நிலையை அறியும் வழிகளைக் காண்போம் என்று புறப்பட்டால், விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. கண்ணும் மூக்கும் அளவுகோலும் பெரும்பாலும் போதும். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையிற் கிளப்பியதும் நீலப்புகை சிறிது வந்து மறைந்தால், வால்வுத் தண்டின் சீல்கள் இறுகிவிட்டன என்பது அறிகுறி. மேட்டில் ஏறும்பொழுதும் விரைவு கூட்டும்பொழுதும் நீலப்புகை தொடர்ந்து வந்தால் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துள்ளன. கரும்புகை எண்ணெயின் குற்றமன்று. எரிபொருள் மிகுந்து செல்வதன் குறி. எண்ணெய் மூடியின் அடியிற் பாலேடு போன்ற வெண்படலம் தடிப்பாகக் காணப்பட்டு, றேடியேற்றரில் தண்ணீரும் குறைந்தால் காஸ்கட் பழுதடைந்து தண்ணீர் எண்ணெயிற் கலக்கின்றது. அந்நிலையில் எண்ணெயைத் தேர்வது வீண், திருத்தமே தேவை. எஞ்சின் சூடாகி நின்ற இடத்தில் ஓடும்பொழுது எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுங்கினால், பெயரிங்குகளோ எண்ணெய்ப் பம்போ தேய்ந்திருத்தல் கூடும்.

ஐயம் நீங்காவிட்டால் கராஜிலே உருளைகளின் அழுத்தத்தை அளந்து பார்க்கலாம். அழுத்தம் குறைந்த உருளையில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கும்பொழுது அழுத்தம் உயர்ந்தால் குற்றம் வளையங்களில், உயராவிட்டால் வால்வுகளில். கசிவைப் பற்றியும் ஒரு சொல். எஞ்சினின் உள்வாயுவை வெளியேற்றும் சிறு வால்வு கரியால் அடைபட்டால், உள்ளே அழுத்தம் பெருகி நல்ல சீல்களின் வழியேயும் எண்ணெய் வெளிவரும். சில நூறு ரூபா, அல்லது சில ஆயிரம் ரூபா பெறுமதியான அந்த வால்வைத் துப்புரவாக்காமல், எண்ணெயை மேன்மேலும் தடிப்பாக்கிக்கொண்டு போவோர் பலர்.

தடித்த எண்ணெய் என்ற அறிவுரைக்கு இப்பொழுது வரலாம். இடைவெளி அகன்ற எஞ்சினில், ஒரு தரம் தடித்த எண்ணெய் படலத்தைக் காத்து, அழுத்தத்தை உயர்த்தி, எரிந்துபோகும் எண்ணெயையும் குறைக்கும் என்பது உண்மை. 10 டபிள்யூ-30 விதிக்கப்பட்ட வண்டி 1000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர், முக்கால் லீற்றர் என்று எண்ணெய் குடிக்கத் தொடங்கினால், 10 டபிள்யூ-40 அல்லது 15 டபிள்யூ-40க்கு மாறுவது தக்கது. ஆனால் ஒரேயடியாக 20 டபிள்யூ-50க்குத் தாவுவது எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது. 1990களுக்குப் பின் வந்த எஞ்சின்களின் எண்ணெய் வழிகள் ஒடுக்கமானவை. சிலவற்றில் வால்வின் இடைவெளியை எண்ணெய் அழுத்தமே சரிசெய்கின்றது. அவற்றுக்கு மிகத் தடித்த எண்ணெய் காலையிற் பிந்திச் சேரும். பம்பு அதைத் தள்ளுவதில் எரிபொருள் வீணாகும். மெதுவாகச் சுழல்வதால் வெப்பத்தை ஏந்திச் செல்லும் தொழிலும் குறையும். மானியில் அழுத்தம் உயர்ந்து நிற்பது மனத்துக்கு ஆறுதல் தரலாம். ஆனால் அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. எஞ்சினைக் காப்பது ஓட்டம்.

செயற்கை எண்ணெயைப் பற்றிய அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970களில் அது கார்களுக்கென விற்பனைக்கு வந்த தொடக்கத்தில், அதன் அடிப்படையான செயற்கைத் திரவம் றப்பர் சீல்களைச் சிறிது சுருங்கச் செய்தது, கசிவும் உண்டாயிற்று. பின்னர், சீல்களைப் பருக்கச் செய்யும் எசுத்தர் என்ற பொருளைச் சேர்த்து அக்குறை தீர்க்கப்பட்டது. இன்றைய செயற்கை எண்ணெய் சீலைக் கெடுப்பதில்லை. ஆயினும் சேற்றினால் அடைபட்டிருந்த வெடிப்பு, நன்கு கழுவும் எண்ணெய் வந்தவுடன் திறந்துகொள்வதுண்டு. கசிவு எண்ணெயினால் வந்ததன்று, மறைந்திருந்தது வெளிப்பட்டது. அதனால், கழிந்த காலத்தில் எண்ணெய் ஒழுங்காக மாற்றப்பட்ட எஞ்சினுக்குச் செயற்கை எண்ணெய் நன்மையே செய்யும். கழிந்த காலம் தெரியாத, உள்ளே சேறு படிந்த எஞ்சினுக்கு நல்ல கனிய எண்ணெயை ஊற்றி, 2000, 3000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் துப்புரவாக்குவதே அறிவுடைமை. விரைந்து கழுவும் திரவங்களை ஊற்றினால், கட்டியாகப் பெயர்ந்த சேறு எண்ணெய்ப் பம்பின் வாயிலுள்ள சல்லடையை அடைத்து, காப்பாற்ற வந்ததே எஞ்சினை முடித்துவிடும்.

மிகுதி ஓட்டம் கண்ட வண்டிகளுக்கென்றே தனி எண்ணெய்கள் 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. 75,000 மைல், அதாவது ஏறத்தாழ 120,000 கிலோமீற்றர் கடந்த வண்டிகளுக்கு அவை உரியன என்பது உற்பத்தியாளர் வாக்கு. இறுகிய றப்பரை மெதுவாக்கிப் பருக்கச் செய்யும் பொருளும், தேய்வைத் தடுக்கும் பொருளும், கழுவும் பொருளும் அவற்றிற் சிறிது கூடுதலாய் இருக்கும். துளித்துளியாய்க் கசியும் எஞ்சினுக்கு இவை உதவக்கூடியன. பலன் ஒருநாளிற் தெரியாது; ஓரிருமுறை மாற்றிய பின்னரே தெரியும். வெடித்துப்போன சீலையோ தேய்ந்துபோன வளையத்தையோ எந்த எண்ணெயும் புதிதாக்காது. கசிவும் புகையும் இல்லாத பழைய எஞ்சினுக்கு இவற்றைத் தேடி அலைய வேண்டியதுமில்லை.

எண்ணெயின் அருமையை இலங்கைத் தமிழர் ஒரு கொடிய பள்ளியிலே படித்தனர். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நோயாளரை ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைந்தனவும், மணமக்களைச் சுமந்தனவும் அவ்வண்டிகளே. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாத பகுதி உருளைச் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எண்ணெயிற் கலந்து அதை நீர்க்கச் செய்தது. இத்தகைய நிலையில் எண்ணெயின் மட்டம் குறையாமல் ஏறக்கூடும். அறியாதவர் அதைக் கண்டு மகிழ்வார், அறிந்தவர் அஞ்சுவார். இப்பாடம் இன்றைக்கும் பொருந்தும். பாடசாலைக்கும் சந்தைக்கும் என்று ஓரிரு கிலோமீற்றர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் எஞ்சின் முழுச்சூட்டை அடைவதில்லை. எரியாத பெற்றோலும் நீராவியும் எண்ணெயிலேயே தங்குகின்றன. ஆகவே குறைவாக ஓடும் வண்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை என்ற எண்ணம் தவறு. கனிய எண்ணெயாயின் 5000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், இவற்றில் எது முந்துமோ அப்பொழுது மாற்றிவிடுதல் பழைய எஞ்சினுக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு முறையும் வடிகட்டியையும் மாற்றுதல் வேண்டும்.

சொன்னவற்றை மூன்று வண்டிகளில் வைத்துப் பார்த்தல் தெளிவு தரும். முதலாவது, ஒரு மொறிஸ் மைனர். ஊக்கிக் கலம் இல்லை; தட்டிகள் தட்டையானவை. அதற்கு நாகச் சேர்மானம் குறையாத கனிய எண்ணெய், 20 டபிள்யூ-50. இரண்டாவது, 1990களின் கடைசியில் வந்த கொறொல்லா. 250,000 கிலோமீற்றர் ஓடியும் புகையில்லை, கசிவில்லை, எண்ணெய் மட்டமும் குறைவதில்லை. அதற்குக் கைநூலிற் கண்ட தரத்தையே தொடர்ந்து ஊற்றுதல் வேண்டும். வயதாயிற்றே என்று தடிப்பாக்க வேண்டியதில்லை. மூன்றாவது, அதே கொறொல்லா. ஆனால் காலையில் நீலப்புகை, நிறுத்துமிடத்தில் எண்ணெய்ப் பொட்டு, 1000 கிலோமீற்றருக்கு முக்கால் லீற்றர் குறைவு. அதற்கு முதலில் வாயு வால்வைத் துப்புரவாக்கி, ஒரு தரம் உயர்த்தி, கிடைக்குமாயின் மிகுதி ஓட்ட வண்டிக்குரிய 10 டபிள்யூ-40 எண்ணெயை ஊற்றி, இரண்டு முறை மாற்றிப் பார்க்கலாம். குறையாவிட்டால் வால்வு சீல்களை மாற்றுவது, எண்ணெயிற் பணத்தைக் கரைப்பதிலும் சிக்கனம். ஒரே பெயருள்ள இரண்டு வண்டிகளுக்கு இரண்டு விடைகள் வந்ததைக் காண்க.

எண்ணெய் எவ்வளவு உயர்ந்ததாயினும் அளவிற் குறைந்தால் பயனில்லை. கிழமைக்கு ஒருமுறை, மட்டமான நிலத்தில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் சென்றபின் அளவுகோலை எடுத்துத் துடைத்து, மறுபடி இட்டுப் பார்த்தல் வேண்டும். மேற்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடைப்பட்டது பெரும்பாலான சிறு வண்டிகளில் ஏறத்தாழ ஒரு லீற்றர். மேற்குறியைக் கடந்து ஊற்றினால் சுழலும் தண்டு எண்ணெயை நுரைக்கச் செய்யும். நுரை படலமாய் நில்லாது. வழியிற் குறைந்துவிட்டால் வேறு பெயருள்ள எண்ணெயையும் ஊற்றலாம். தரக்குறியுள்ள எண்ணெய்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியனவே. எண்ணெய் இல்லாமல் ஓட்டுவதிலும் கலந்து ஓட்டுவது எவ்வளவோ மேல். வாங்கும்பொழுது மூடியின் முத்திரை உடையாமல் உள்ளதா என்று பார்த்து, நம்பிக்கையான கடையில் வாங்குதல் வேண்டும். வெறுமையான தகரங்களைப் பிறர் மீண்டும் நிரப்பாதபடி ஓட்டையிட்டு எறிதலும் நல்ல பழக்கம்.

கழிந்த எண்ணெயை என்செய்வது என்பதும் இப்பொருளின் ஒரு பகுதியே. அது தோலுக்கும் உடலுக்கும் தீங்கான பொருள். வேலியோரத்தில் ஊற்றிவிட்டால் மறைந்துவிடும் என்று எண்ணுவோர், அது எங்கே போகின்றது என்று எண்ணுவதில்லை. யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணாம்புக் கல். நிலத்தில் விட்டது வெடிப்புகளின் வழியே கிணற்றைச் சேரும். சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி 2010களில் நாடெங்கும் பேசப்பட்டு, உயர்நீதிமன்றம் வரை சென்று, 2019இல் தீர்ப்புப் பெற்றதை அப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். அது பெரிய அளவில் நிகழ்ந்தது. ஆனால் ஒவ்வொரு வளவிலும் நாலு லீற்றர் ஊற்றப்பட்டால் அதுவும் சிறிதன்று. கழிந்த எண்ணெயைக் கலத்திலே சேர்த்து, அதைச் சேகரிக்கும் கராஜிற் கொடுத்தலே முறை.

தொகுத்து நோக்கின், பழைய வண்டிக்கு எண்ணெய் தேர்வோர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: கைநூல் எந்தத் தரத்தை விதிக்கின்றது? எஞ்சின் எந்தக் காலத்து அமைப்பு? அது புகைக்கின்றதா, கசிகின்றதா, குடிக்கின்றதா? ஒருநாளைக்கு அது எவ்வளவு தூரம், எத்தகைய தெருவில் ஓடுகின்றது? இந்நான்குக்கும் விடை தெரிந்தவருக்குக் கடைத்தட்டிலுள்ள தகரங்கள் குழப்பம் தரமாட்டா. விலையுயர்ந்த எண்ணெயைக் காலந்தாழ்த்தி மாற்றுபவரின் எஞ்சினைக் காட்டிலும், நடுத்தரமான எண்ணெயை உரிய காலத்தில் மாற்றி, கிழமைதோறும் மட்டம் பார்ப்பவரின் எஞ்சின் நீடித்து உழைக்கும்.